எண்பத்து நாலாம் நம்பர்

ஜூலை 8, திங்கள்

அப்பாவுக்கும் எனக்கும் ஒப்பந்தம் இதுதான்: தீபாவளி வரைக்கும் இந்தக் காலேஜுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் படிப்பை விட்டுவிட்டு, திருப்பூரில் பெரியப்பா மகன் இருக்கும் பனியன் கம்பெனியில் பில் போடும் வேலைக்குப் போகலாம். "அதுக்கப்புறம் உன்ற இஷ்டம் சாமி," என்று தன் மோட்டார் ரிப்பேர் கடையில் காயில் சுற்றிக்கொண்டே சொன்னார். திருப்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் இப்போதே விசாரித்து வைத்துவிட்டேன்.

காலேஜ், காங்கேயத்திலிருந்து தாராபுரம் ரோட்டில் அரை மணி நேரம். இறங்கிச் சோளக்காட்டுக்கு நடுவே நடக்க வேண்டும். ஒரு மாடிக் கட்டிடம், நாலு வேப்பமரம், சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிள்களை விட அதிகமாக ஆடுகள். தாவரவியல் முதலாம் ஆண்டில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். போன வருடம் கோயமுத்தூரில் எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் மட்டுமே அத்தனை பேர் உட்கார்ந்திருந்தோம்.

மற்றவர்கள் சேர்ந்த ஒரு வாரம் கழித்து வந்தவள் நான் என்பதால் ஓரமாக உட்கார்ந்தேன். ஒன்பது பேரில் ஓரம் ஏது? நடுவில்தான் இருந்தேன்.

ஞானசௌந்தரி மேடம் வந்தார். அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாரக் காணோம்?" என்றார்.

ஒரு பெண் எழுந்தாள். "பூவரசனுங் மேடம். அவங்க எருமை ராத்திரி கன்னு போட்டிருக்குது. பதினோரு மணிக்கு வந்துருவான்."

"தாயும் கன்னும் சௌக்கியமா?"

"சௌக்கியமுங் மேடம்."

அதன் பிறகுதான் பாடம் தொடங்கியது. சொன்னபடியே பூவரசன் தூக்குப்போசியில் சீம்பாலோடு வந்தான். மேடம் உட்பட எல்லோரும் சாப்பிட்டோம். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் இது காலேஜா, விசேஷ வீடா என்று எனக்குப் புரியவில்லை.

எழுந்து பதில் சொன்னவள் கோகிலவாணி. நான் ஒரு வருடம் மூத்தவள் என்று தெரிந்ததும் 'அக்கா' போட ஆரம்பித்துவிட்டாள். "ஏனுங்க்கா, அவ்வளவு பெரிய காலேஜ விட்டுப்போட்டு இங்க வந்திருக்கீங்க?"

ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்றேன்.

ஜூலை 10, புதன்

இந்த ஊர்ச் சட்டம் இன்று முழுதாகத் தெரிந்தது. வராதவர் ஏன் வரவில்லை என்று வந்தவர்கள் சொல்ல வேண்டும். 'தெரியவில்லை' என்பது பதில் இல்லை. இன்று ஒரு பையன் வரவில்லை, யாருக்கும் காரணம் தெரியவில்லை. மேடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். "தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அப்புறம் பாடம்." கோகிலவாணி வெளியே போய் அவன் பக்கத்து வீட்டுக்கே போன் போட்டு, பல்வலி என்று அறிந்து வந்தாள். எந்தப் பல் என்று வேறு மேடம் கேட்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவர் நிம்மதியாக லீவு கூடப் போட முடியாதா?

ஜூலை 12, வெள்ளி

இரண்டு கால்களும் என்னுடையவை இல்லை. கோ-கோ.

ஜூலை 15, திங்கள்

இங்கே எதிலும் சேர விருப்பமா என்று கேட்பதில்லை. ஆள் போதாது. முதலாம் ஆண்டுப் பெண்கள் அத்தனை பேரும் கோ-கோ அணி. அதே பெண்கள்தான் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து. அதே பெண்கள்தான் மரக்கன்றுகளுக்குத் தண்ணீர். என் குரல் கரகரப்பு என்று சொல்லிப் பார்த்தேன். "பரவாயில்லீங்க்கா, எனக்குச் சுருதியே கிடையாது," என்று கோகிலவாணி ஆறுதல் சொன்னாள். பாடியபோது அது அடக்கத்தில் சொன்னதல்ல என்று தெரிந்தது.

பெரியப்பா மகனுக்குப் போன் செய்தேன். இடம் காலியாகத்தான் இருக்கிறதாம்.

ஜூலை 19, வெள்ளி

இன்று சூரியகாந்தித் தண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்.

இதை எழுதுவதற்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்றால், கோயமுத்தூரில் ஒரு மைக்ராஸ்கோப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். நான் பார்த்தது எல்லாம் முன்னால் நிற்பவர்களின் பின்னந்தலை. என் முறை வரும்போது பெல் அடித்துவிடும். பக்கத்தில் இருப்பவளின் படத்தைப் பார்த்து வரைந்து கொடுப்பேன். அவள் யாரைப் பார்த்து வரைந்தாளோ.

இங்கே ஆளுக்கு ஒன்று. பிளேடால் தண்டைக் குறுக்கே மெல்லிசாக வெட்ட வேண்டும். நான் முதலில் வெட்டியதை மேடம் தூக்கிப் பார்த்து, "இது பொரியலுக்கா?" என்றார். மறுபடி வெட்டினேன். கை பழகப் பழக, வெட்டிய துண்டு தண்ணீரில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெலிந்தது. சாயம் போட்டு வைத்துக் கண்ணை வைத்தால், உள்ளே வட்டமாகச் சிவப்புக் கற்றைகள், கோலப்புள்ளி மாதிரி வரிசை தப்பாமல். பெல் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. யாரும் என்னை எழுப்பவும் இல்லை.

பூவரசன் கேட்டான், அந்தக் காலேஜை ஏன் விட்டீர்கள் என்று. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, முடி கொட்டியது என்றேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் சாப்பிடும்போது கோகிலவாணி, "பாவம் அக்கா, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காமத்தான் வந்துட்டாங்க," என்றாள். பூவரசன் தயிர்ச்சோற்றை உருட்டுவதை நிறுத்தினான். "தண்ணின்னுதான சொன்னாங்க? முடி கொட்டுச்சுன்னு."

"அதெல்லாம் இல்ல," என்று பின்னாலிருந்து மேடத்தின் குரல். அவரும் அங்கேதான் சாப்பிடுவார் என்பதை மறந்துவிட்டேன். "எங்கிட்ட ஜுரம்னு சொன்னா. ரெண்டு மாசம்."

எட்டுத் தலைகளும் மேடத்தின் தலையும் என்னைப் பார்த்தன. சாப்பாடு, தண்ணீர், ஜுரம் மூன்றும் ஒரே சமயத்தில் வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப அது டைபாய்டுங்க்கா," என்று கோகிலவாணி முடிவு கட்டினாள். மேடம் என் டப்பாவில் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாயை வைத்துவிட்டுப் போனார்.

பொய் சொல்வதற்கு ஒரு நூறு பேராவது இருக்கும் இடம் வேண்டும். இங்கே அந்த வசதி இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்த பஸ் வருவதற்குள் கோகிலவாணி, பூவரசன், லேப் உதவியாளர் அண்ணன் மூன்று பேரும் போன் செய்துவிட்டார்கள். கோகிலவாணி அதோடு நிற்காமல் அம்மாவுக்கும் போட்டு, அம்மா ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லி, அப்பா கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றார். கையெல்லாம் காயிலுக்குப் பூசும் வார்னிஷ். "என்னாச்சு சாமி?" என்றார்.

பஸ் போய்விட்டது, அவ்வளவுதான் என்று சிடுசிடுத்தேன். அவர் சரி சரி என்று தலையாட்டி, காலேஜ் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். புழுதி என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

கலை விழா. இந்தக் காலேஜில் எல்லோரும் மேடை ஏற வேண்டும் என்பதால் பார்க்க ஆள் இருப்பதில்லை. அதனால் அடுத்து ஏற வேண்டியவர்கள் வேஷத்தோடு வந்து முன்னால் உட்கார்ந்து கைதட்ட வேண்டும், ஏறி இறங்கியவர்கள் வேர்வையோடு வந்து கைதட்ட வேண்டும். முதல் வரிசையில் முதல்வர், அவர் பக்கத்தில் எமன், அதற்குப் பக்கத்தில் இரண்டு கரகாட்டக்காரிகள், கடைசியில் இன்ஸ்பெக்டராக நான்.

மேடையில் நின்றதும் என் வசனம் மறந்துவிட்டது. ஒரு வார்த்தை இல்லை. அப்படியே ஓடிவிடலாம் என்று படிக்கட்டைப் பார்த்தேன். அதற்குள் கீழே இருந்த அத்தனை பேரும், ஒத்திகையில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்ததால், ஒரே குரலில் என் வசனத்தைச் சொல்லிவிட்டார்கள். எமன்தான் சத்தமாகச் சொன்னது. அது பூவரசன். நான் விறைப்பாக, "அதேதான்," என்றேன். விழாவிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

திருப்பூரிலிருந்து பெரியப்பா மகன் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

அக்டோபர் 21, திங்கள்

எல்லாம் கெட்டது.

மேடம் வகுப்பில் அறிவித்தார்: நவம்பர் ஏழாம் தேதி காலேஜ்களுக்கு இடையே தாவரவியல் போட்டி. செடியைப் பார்த்துப் பெயர் சொல்வது, தண்டு வெட்டிக் காட்டுவது. காலேஜுக்கு இரண்டு பேர். "செடிக்குப் பூவரசன். வெட்டுறதுக்கு சுபிக்‌ஷா. நம்மகிட்ட இவ்வளவு மெல்லிசா வெட்ட வேற ஆள் இல்ல."

என் பெயரைக் கேட்டதும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு எங்கே நடக்கிறது என்று சொன்னார்.

கோயமுத்தூரில் நான் விட்டு வந்த அதே காலேஜ்.

"வேற யாரையாச்சும் அனுப்புங் மேடம்," என்றேன்.

"வேற யாரு இருக்காங்க?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. சின்னக் காலேஜில் அது வெறும் கணக்கு.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. அதாவது கெடு முடிகிறது. பெரியப்பா மகனைக் கூப்பிட்டேன். இடம் இன்னும் இருக்கிறது. நல்லதாகப் போயிற்று. பட்டாசுச் சத்தத்தில் அவனுக்கு என் குரல் சரியாகக் கேட்கவில்லை. சந்தோஷமாகத்தானே இருக்கிறாய் என்று கேட்டான். ஆமாம் என்று கத்தினேன்.

நவம்பர் 4, திங்கள்

காலையில் எழுந்திருக்கவில்லை. வயிற்றுவலி என்று அம்மாவிடம் சொன்னேன். போனை அணைத்துவிட்டேன். அப்பா வாசலில் வந்து நின்றார். "போறதில்லைங்கப்பா. தீபாவளி முடிஞ்சுது," என்றேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது. ஆனால் பேச்சு பேச்சுதான் என்று கடைக்குப் போய்விட்டார். கடை வீட்டுக்கு முன்பக்கம்தான்.

பத்து மணி சுமாருக்கு வாசலில் கோகிலவாணியின் குரல். போன் அணைந்திருந்ததால் பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, எதிர் பஸ் பிடித்து வந்திருந்தாள். மேடம் கேட்டால் சொல்வதற்குக் காரணம் வேண்டுமாம். அவள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பூவரசன் டி.வி.எஸ்.ஸில் இன்னொருவனை ஏற்றிக்கொண்டு வந்தான். "நீ எதுக்குடா வந்தே?" என்றாள் அவள். "வேற யாரும் வந்திருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்," என்றான் அவன். அடுத்து இரண்டு பேர் ஷேர் ஆட்டோவில். மற்ற மூன்று பேர் எப்படி வந்தார்கள் என்று நினைவில்லை. ஒரு வண்டி வருவது இன்னொரு வண்டிக்குத் தெரியாது. எட்டுப் பேரும் என் கட்டிலைச் சுற்றி நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள்.

அப்போதுதான் பூவரசனுக்குத் தோன்றியது. "அப்ப கிளாஸ்ல யாரு இருக்கா?"

வாசலில் ஸ்கூட்டி நிற்கும் சத்தம். மேடம் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "யாரக் காணோம்னு கேக்கறதுக்காச்சும் ஒரு ஆள விட்டுட்டு வரமாட்டீங்களா?" என்றார். கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "சரி. ஒம்பது பேரும் இருக்கீங்க. இப்பச் சொல்லு. சாப்பாடா, தண்ணியா, ஜுரமா?"

நான் அழுவேன் என்று நினைக்கவே இல்லை. அழுதேன். சொல்லியும் விட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

அங்கே சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரும் சிறுவாணி. வகுப்பில் தொண்ணூறு பேர், என் நம்பர் எண்பத்து நாலு. தீபாவளி வரைக்கும் என்னோடு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கும் பேச வாய் வரவில்லை. ஒரு நாள் போகாமல் பூங்காவில் போய் உட்கார்ந்தேன். யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்படியே இரண்டு மாதம். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய், சாயங்காலம் ஹாஸ்டலுக்குத் திரும்புவேன். பொங்கல் முடிந்து, திட்டினாலும் பரவாயில்லை என்று ஒரு நாள் வகுப்புக்குப் போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பேராசிரியர் தலையைத் தூக்காமல் நம்பர் கூப்பிட்டார். எண்பத்து நாலு என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வேறு ஒரு பெண் குரல், "எஸ் மேடம்," என்றது. அவரும் டிக் அடித்துவிட்டு எண்பத்தைந்துக்குப் போய்விட்டார். நான் இல்லாமலே நான் நன்றாக நடந்துகொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து வந்து, அப்பாவுக்குப் போன் போட்டு, ஜுரம் என்றேன்.

கதவருகில் அப்பா நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. "ரெண்டு மாசமும் பூங்காவுலயா சாமி," என்றார். சொல்லிவிட்டுக் கடைப்பக்கம் போய்விட்டார்.

கோகிலவாணி மூக்கை உறிஞ்சினாள். "டைபாய்டே இல்லீங்களா?"

முதலில் சிரித்தது அம்மாதான்.

மேடம் எழுந்தார். "ஏழாந்தேதி போறதும் போகாததும் உன்ற இஷ்டம். ஆனா போனா ஒம்பது பேரும் போறோம். இப்ப இங்கயே கிளாஸ்." அப்பா கடையில் மோட்டார்களை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். வெட்டிப் பழகுவதற்கு அம்மா வளர்க்கும் செம்பருத்தியில் ஒரு கிளை போயிற்று.

நவம்பர் 7, வியாழன்

போனேன்.

காலேஜ் வேனில் ஒன்பது பேரும் மேடமும். கேட்டைப் பார்த்ததும் கழிப்பறையைத் தேடினேன். நிஜமாகவே வயிற்றுவலி. கோகிலவாணி என் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், கழிப்பறை வாசல் வரைக்கும் விடவில்லை.

வரவேற்பு மேசையில் ஒரு பெண் பேட்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட உயரம், சிரித்த முகம், முன்பு பார்த்ததாக நினைவே இல்லை. "எந்தக் காலேஜுங்க?" என்று கேட்டு என் பெயரை எழுதினாள். அந்த நேரம் தூரத்திலிருந்து யாரோ பேராசிரியர், "ரெனிட்டா, பேட்ஜ் எல்லாருக்கும் போதுமா?" என்று கேட்டார்.

"எஸ் மேடம்," என்றாள் அவள்.

அந்தக் குரல்தான். நூறு குரலில் கலந்து வந்தாலும் எனக்குத் தெரியும்.

நகராமல் நின்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. "ஏனுங்க," என்றேன், "போன வருஷம் எண்பத்து நாலாம் நம்பருக்கு நீங்களா அட்டெண்டன்ஸ் குடுத்தது?"

அவள் முகம் வெளுத்தது. சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? மேடம் மூணு தடவ கூப்புட்டாங்க, யாரும் குரல் குடுக்கல. யாரோ பாவம், அட்டெண்டன்ஸ் கம்மியாயி பேரை எடுத்துட்டாங்கன்னா திரும்பி வர முடியாதேன்னு குடுத்தேன். அப்புறம் தினமும் குடுத்தேன். வந்துருவா, வந்துருவான்னு பாத்தேன். வரவே இல்ல." பேனாவை மூடித் திறந்தாள். "தேடலாம்னுதான் நெனச்சேன். யாரைன்னு தேடறது? எனக்கு நம்பர் மட்டுந்தான் தெரியும்."

நான் பத்து மாதமாக அந்தக் குரலை வெறுத்திருந்தேன். என் இடத்தைப் பிடித்துக்கொண்ட குரல் என்று. அது என் இடத்தைப் பிடித்து வைத்திருந்த குரல்.

"நான்தாங்க அது," என்றேன்.

அவள் மேசையைச் சுற்றி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பேட்ஜ் எல்லாம் கீழே கொட்டின. இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம், வரிசை எங்களைத் திட்டியது. கோகிலவாணிக்கு ஒன்றும் புரியாமல், "யாருங்க்கா இவங்க?" என்றாள்.

"என்ற அட்டெண்டன்ஸ்," என்றேன்.

வேனில் திரும்பும்போது இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கேயும் நல்ல மனசுக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். நல்ல மனசுக்கு என் முகம் தெரியவில்லை, அவ்வளவுதான். இங்கே எட்டுப் பேரும் பெரிய தங்கங்கள் ஒன்றும் இல்லை, பூவரசன் என் டப்பாவில் அப்பளம் திருடுவான். ஆனால் யாரைத் தேட வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியும்.

எழுத மறந்துவிட்டேன். எங்களுக்கு இரண்டாம் பரிசு. பூவரசன் ஒரு செடியின் பெயரை மாற்றிச் சொல்லாமல் இருந்தால் முதல் பரிசு. வழி முழுக்க அவனை விடவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

மேடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "யாரக் காணோம்?"

நான் எழுந்தேன். "கோகிலவாணிங் மேடம். நேத்து நான் வெட்டும்போது எனக்காகக் கத்துனதுல தொண்டை கட்டிக்கிச்சு. பேச்சே வரல. பொழுதோட நான் போய்ப் பாத்துட்டு வர்றேனுங்."

"திங்கக்கெழமை தமிழ்த்தாய் வாழ்த்து நல்லா இருக்கும்," என்றான் பூவரசன். மேடம் கேட்காத மாதிரி பாடத்தைத் தொடங்கினார்.

கோகிலவாணி வீட்டுக்குப் போய்விட்டு நான் வந்தபோது அப்பா கடையில் விளக்குப் போட்டிருந்தார். காயிலிலிருந்து தலையைத் தூக்காமல், "தீபாவளி முடிஞ்சு ஒரு வாரமாச்சு சாமி. உங்கண்ணன் திருப்பூர்ல இருந்து கூப்புட்டான். என்ன சொல்லட்டும்?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கம்பி சுற்றும் கை நின்றிருந்தது.

"இன்னும் ரெண்டு தீபாவளி இருக்குதுங்கப்பா," என்றேன். "அது முடியட்டும்."

அப்பா போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டு, அந்த இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு காயிலை எத்தனையாவது சுற்றில் விட்டோம் என்று தெரியாமல் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.